எல்லாமே கொய்தானா? வன்னிக் களப்புகளில் கொய் மீன் இனங்களைப் பிரித்தறியப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பல்கலைக்கழக இறுதியாண்டு ஆய்வுக்காக முல்லைத்தீவின் நந்திக்கடல் களப்பைச் சூழ்ந்த மீன் இறங்குதுறைகளில் மீன் மாதிரி எடுக்கத் தொடங்கிய முதல் மூன்று வாரங்களில், நான் 40 மீன்களை அளந்து, நிறுத்து, எல்லாவற்றுக்கும் எதிரே "கொய்" என்று ஒரே பெயரை எழுதி வைத்தேன். துறையில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். அட்டவணையைப் பார்த்த மேற்பார்வையாளர், "இதில் குறைந்தது இரண்டு இனம் கலந்திருக்கும். எந்த மீன் எந்த இனம் என்று எப்படிச் சொல்வீர்?" என்று கேட்டார். பதில் சொல்ல என்னிடம் மீனும் இல்லை, பயன்படக்கூடிய படமும் இல்லை. அளந்த மீன்களை அன்றன்றே வீட்டில் கறிக்குக் கொடுத்திருந்தேன். அந்த 40 வரிகளையும் அடித்துவிட்டு மறுபடி தொடங்கவேண்டியதாயிற்று. இதே வேலைக்கு வரும் அடுத்தவருக்கு அந்த மூன்று வாரம் மிஞ்சட்டும் என்பதற்காக, நான் இப்போது செய்கிற ஒழுங்கிலேயே படிகளை எழுதுகிறேன்.

1. எந்த மீன்களைப் பிரிக்கப்போகிறீர்கள் என்பதை முதலில் தெளிவாக்குங்கள்

கொய் என்ற பெயருக்குள் முக்கியமாக இரண்டு மீன்கள் வருகின்றன. ஒன்று அனோடோன்டோஸ்டோமா சக்குண்டா, மற்றது நெமடலோசா நாசஸ். இரண்டும் வெள்ளி நிறத்தில், பக்கவாட்டில் தட்டையாக, வட்ட மூக்குடன் இருக்கும். இரண்டின் பூமூடிக்குப் (செவுளை மூடும் தகட்டுக்குப்) பின்னாலும் ஒரு கரும்புள்ளி இருக்கும். இரண்டும் 14, 15 சென்ரிமீற்றர் அளவிலேயே அதிகம் கிடைக்கும். இவற்றோடு மூன்றாவதாக ஹில்சா கெலீ என்ற மீனையும் மனதில் வைத்திருங்கள். உடலில் உள்ள புள்ளி வரிசை மங்கிவிட்டால், அதுவும் கொய்க் கூறுக்குள் (கரையில் விற்கப் பிரித்து வைத்த குவியலுக்குள்) பேசாமல் ஒளிந்துகொள்ளக்கூடியது.

வவுனியா, கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து வரும் நண்பர்கள், இவை "நன்னீர் மீன்" என்று எங்காவது கேட்டோ வாசித்தோ அதை நம்பி, இவற்றைக் குளங்களில் தேடவேண்டாம். இவை கடலிலும் களப்பிலும் வாழ்ந்து, ஆற்று நீர் கலக்கும் இடம் வரை, சில வேளை நன்னீர்ப் பகுதி வரை ஏறி வருகிற மீன்கள். இரணைமடுவிலோ முத்தையன்கட்டிலோ வலையில் ஏறுகிற திலாப்பியா, கட்லா, ரோகு, விரால் என்பவற்றோடு இவற்றுக்கு ஒரு தொடர்பும் இல்லை. நீங்கள் போகவேண்டிய இடங்கள் நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய், சுண்டிக்குளம் போன்ற களப்புகளின் கரைகள்.

2. ஆவணங்களைத் துறைக்குப் போகுமுன் சேர்த்துக்கொள்ளுங்கள்

நீங்களே வலை வீசப்போகிறீர்களா, அல்லது தொழிலாளர் பிடித்து வந்த மீனை விலைக்கு வாங்கப்போகிறீர்களா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்; தேவைப்படும் கடதாசிகள் அதைப் பொறுத்தே கூடும், குறையும்.

கொக்கிளாய்க் களப்பு 1951 முதல் சரணாலயம். சுண்டிக்குளம் 1938இல் சரணாலயமாகி, 2015இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. நந்திக்கடலும் 2017இல் இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. இப்படியான இடங்களுக்குள் ஆய்வுக்காக நீங்களே உயிரினங்களைப் பிடிப்பதற்கு வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆய்வு அனுமதி வேண்டும். அந்த விண்ணப்பத்துக்கு ஆய்வுத் திட்டம், மேற்பார்வையாளரின் கடிதம், எடுக்கப்போகும் மாதிரிகளின் எண்ணிக்கை, இடம், காலம் எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கவேண்டியிருப்பதால், ஆய்வு தொடங்கும் மாதத்தில் அதை அனுப்பி அதே மாதத்தில் பதில் எதிர்பார்ப்பது வீண். மாதக்கணக்கில் கையில் நேரம் வைத்துக்கொண்டு அனுப்புங்கள்.

முதல் முறை செய்பவருக்கு என் ஆலோசனை, இறங்குதுறையில் விற்பனைக்கு வந்த மீனை வாங்குங்கள் என்பதே. அப்போதும் வெறுங்கையோடு போகவேண்டாம். பல்கலைக்கழகத் துறைத்தலைவர் கையொப்பமிட்ட அறிமுகக் கடிதம், தேசிய அடையாள அட்டை, பல்கலைக்கழக அட்டை ஆகியவற்றின் பிரதிகளை இரண்டிரண்டாக எடுத்து, ஒன்றை அப்பகுதிக் கடற்றொழில் பரிசோதகரிடமும் மற்றதைக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்திடமும் கொடுத்துவிட்டு, அவர்கள் பெற்றுக்கொண்ட திகதியை உங்கள் பிரதியில் எழுதி வாங்குங்கள். நான் முதல் நாள் சங்கத்திடம் சொல்லாமல் அடிமட்டத்தோடு கரையில் குந்தியிருந்தேன். வலைக்கண் அளக்க வந்த ஆள் என்று நினைத்து ஒருவரும் என் பக்கம் மீன் கொண்டுவரவில்லை. மறுநாள் சங்கத் தலைவர் ஒரு வார்த்தை சொன்ன பிறகு, "தம்பி, இந்தா, இதையும் பார்" என்று கேளாமலே மீன் வந்து குவிந்தது.

3. கருவியும் செலவும்

பத்து மடங்கு பெருப்பிக்கும் கைவில்லை ஒன்று, சென்ரிமீற்றர் அடிமட்டம், இருந்தால் ஒரு வேணியர் இடுக்கி, குண்டூசி, வெள்ளைத் தட்டம், பென்சில், தடித்த வெள்ளைத்தாள், ஐஸ் போட்ட சிறிய ரெஜிபோம் பெட்டி: இவ்வளவும் போதும். தட்டம் வெள்ளையாக இருக்கவேண்டும் என்பதை வலியுறுத்துகிறேன். காரணம் ஆறாம் படியில் வரும். இந்தப் பட்டியலில் கைவில்லைக்கு மட்டும் கொஞ்சம் பணம் செலவழியுங்கள். மலிவான பிளாஸ்டிக் வில்லையில் ஓரங்கள் கலங்கித் தெரியும். தாடையின் விளிம்பைப் பார்க்கவேண்டிய நேரத்தில் அது கைவிட்டுவிடும்.

மீனுக்கான செலவு நீங்கள் பயப்படுகிற அளவுக்கு வராது. முள்ளு கூடிய மீன் என்பதால் கொய் விலை உயர்ந்த மீன் அல்ல. என் கணக்கில் மீனைவிட ஐஸும் பஸ்ஸும் போத்தல்களும்தான் கூடுதலாக விழுங்கின. கிலோ கணக்கில் நிறுத்து வாங்காமல், கரையில் கூறு போட்டு வைத்ததில் ஒரு முழுக் கூறாக வாங்குங்கள். நிறுக்கும்போது வியாபாரி பெரியவற்றைத் தெரிந்து போடுவார். அப்படித் தெரிந்த மீனில் இனங்களின் விகிதம் பொய்யாகிவிடும்.

4. எப்போது போவது

ஐப்பசி முதல் தை வரையான மாரி மழையில் களப்பு நிறைந்து, முகத்துவாரம் தானாக உடைந்தோ வெட்டப்பட்டோ கடலோடு சேரும். கடலும் களப்பும் கலக்கும் அந்தக் காலத்தையும், நீர் வற்றி உப்பேறும் கோடையையும் தனித்தனியாகப் பதியுங்கள். இரண்டையும் ஒரே அட்டவணையில் கலந்தால் பின்னர் பிரிக்கமுடியாது. கடும் கோடையில் கரையில் செத்து ஒதுங்கும் மீன்களைப் பொறுக்கி மாதிரியாக்கவேண்டாம். வெயிலில் காய்ந்த செட்டையிலிருந்து ஒன்றையும் வாசிக்கமுடியாது.

நாளில் எந்த நேரம் என்றால், விடியற்காலை, வலை கரைக்கு வரும் பொழுது. எட்டு மணிக்குப் பிறகு போனால் நல்ல மீன் போய், நசிந்தது மட்டுமே எஞ்சியிருக்கும். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலை அண்டிய நாட்களையும் தவிர்த்துத் திட்டமிடுங்கள். நான் அந்த வாரம் போய், துறையில் பேச்சுத் துணைக்குக்கூட ஆளில்லாமல் திரும்பினேன்.

5. கூறுக்குள் இருக்கும் அந்நியர்களை முதலில் கழியுங்கள்

மீனின் வயிற்று விளிம்பில் விரலை வாலிலிருந்து தலைப்பக்கமாக மெதுவாக ஓட்டுங்கள். வாள் பல்போல விரலில் தடுக்குமானால் அது கொய்யின் குடும்பம். அந்தப் பற்கள் வயிற்று நடுவில் வரிசையாக அமைந்த முள்செதில்கள். அடுத்து முதுகைப் பாருங்கள்: முதுகில் ஒரே ஒரு செட்டை இருக்கவேண்டும், அதில் குத்துகிற முள் இருக்கக்கூடாது. காரல் கூறுக்குள் கலந்து வந்து வெள்ளி நிறத்தால் ஏமாற்றும்; ஆனால் அதன் முதுகுச் செட்டையின் முன்பகுதி முள்ளாலானது, கையைக் குத்தும். சூடைக்கும் வயிற்றில் முள்செதில் உண்டு, ஆனால் உடல் நீண்டு, வாய் மூக்கு நுனியிலேயே இருக்கும். இந்தப் படிக்கு ஒரு மீனுக்குப் பத்து விநாடி போதும்.

6. முதுகுச் செட்டையின் கடைசிக் கதிர்

இந்த முழு வழிகாட்டியிலும் ஒரே ஒரு படியைத்தான் நினைவில் வைக்கமுடியும் என்றால் இதை வையுங்கள். நெமடலோசாவில் முதுகுச் செட்டையின் கடைசிக் கதிர், மற்றக் கதிர்களை விட்டு நீண்டு, நூலிழைபோல வால்பக்கமாகப் போகும். அனோடோன்டோஸ்டோமாவில் அந்த இழை கிடையாது. கடைசிக் கதிர் பக்கத்துக் கதிர்களைப் போலவே குட்டையாக முடிந்துவிடும். கரையில் நின்று வெறுங்கண்ணால் இரண்டு கொய்களையும் பிரிக்க எனக்குத் தெரிந்த மிக நேரடியான அடையாளம் இதுதான்.

வாசிக்க இலகுவாக இருக்கிறது. கையில் மீனை எடுத்தால் அவ்வளவு இலகு அல்ல. செத்த மீனின் இழை ஈரத்தோடு முதுகில் ஒட்டிப் படிந்துவிடும். அதே வெள்ளி நிறம் என்பதால், அங்கே ஒன்று இருப்பதே தெரியாது. என் 40 மீன்களில் எத்தனைக்கு இழை இருந்ததோ தெரியாது, நான் தேடவேயில்லை. ஆகவே மீனைத் தட்டத்தில் ஒரு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, பக்கவாட்டில் கிடத்துங்கள். குண்டூசி முனையால் முதுகுச் செட்டையின் முன்பகுதியைத் தூக்கி, பின்னோக்கி ஒவ்வொரு கதிராக விரித்துக்கொண்டு வாருங்கள். இழை இருந்தால் தண்ணீரில் மிதந்து எழும்பும். வெள்ளைத் தட்டத்தின் பின்னணியில் அதன் நிழலும் தெரியும்.

அடுத்த பொறி, முறிந்த இழை. வலைக்கண்ணில் சிக்கி இழுபட்ட மீனிலும் ஐஸ் பெட்டிக்குள் நெருக்குண்ட மீனிலும் இழை அடியோடு முறிந்துபோகலாம். "இழை இல்லை" என்று எழுதுவதற்கு முன், கடைசிக் கதிரின் நுனியைக் கைவில்லையால் பாருங்கள். இயல்பாகக் குட்டையான கதிர் நுனியில் மெலிந்து, மென்மையாக முடியும். முறிந்தது கத்தரித்ததுபோல, அல்லது நார் நாராகப் பிரிந்து முடியும். முறிந்ததாகத் தோன்றினால் அந்த மீனை "தீர்மானிக்கவில்லை" என்று தனியாக வையுங்கள். அட்டவணையில் தீர்மானிக்காத மீன் பத்து இருப்பதில் அவமானம் ஒன்றுமில்லை. பிழையாகத் தீர்மானித்த மீன் ஒன்று இருப்பதுதான் பின்னர் முழு அட்டவணையையும் சந்தேகத்துக்குள்ளாக்கும். இதே காரணத்தால் மிகச் சிறிய குஞ்சுகளை வைத்தும் முடிவு எழுதவேண்டாம்.

இணையத்தில் தேடுபவர்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லவேண்டும். இந்த மீன்களைப்பற்றி ஆங்கிலத்தில் தேடினால் வந்து குவிவது பெரும்பாலும் அமெரிக்க நன்னீர் மீன்களான டோரோசோமா செபெடியானம், டோரோசோமா பெட்டினென்ஸ் என்ற இரண்டையும் பிரிக்கும் குறிப்புகளே. அந்த இரண்டுக்குமே முதுகுச் செட்டையில் இழை உண்டு. அதனால் அங்கே இழையை வைத்துப் பிரிக்கமுடியாது என்று எழுதி, வேறு அடையாளங்களைச் சொல்லியிருப்பார்கள்: பெட்டினென்ஸின் நாடியில் கரும்பொட்டுகள், மஞ்சள் படர்ந்த வால், செபெடியானத்தில் மேற்தாடை கீழ்த்தாடையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருப்பது, குதச்செட்டையில் கதிர்கள் கூடுதலாக இருப்பது என்று. அவை அந்த நாட்டு ஏரிகளுக்குச் சரி. நான் அதை வாசித்துவிட்டு "இழை பயனற்ற அடையாளம்" என்று முடிவு கட்டி, நாயாற்றுக் கொய்யின் வாலில் மஞ்சள் தேடிக்கொண்டு இரண்டு காலைப்பொழுதுகளை வீணாக்கினேன். அங்கே பிரிக்க உதவாத அடையாளமே இங்கே பிரிக்கிறது. ஆகையால் எந்தத் திறவுகோலையும் (அடையாளங்களை வைத்துப் படிப்படியாக இனத்தைக் கண்டறியும் குறிப்பையும்) பயன்படுத்துமுன் அது எந்தக் கடற்பகுதிக்கு எழுதப்பட்டது என்று முதல் வரியிலேயே பாருங்கள்.

7. வாயைப் பாருங்கள்

இரண்டு கொய்களுக்கும் வாய் மூக்குக்குக் கீழே, உள்ளொடுங்கி இருக்கும். மூக்கு வட்டமாக முன்னே தள்ளி நிற்கும். வாய் மூக்கு நுனியில், இரண்டு தாடையும் ஒன்றையொன்று சந்திப்பதுபோல இருந்தால் நீங்கள் கையில் வைத்திருப்பது ஹில்சா கெலீயாக இருக்கலாம். மீனை நேர் எதிரே பிடித்து, மேற்தாடையின் நடுவைப் பாருங்கள். ஹில்சாவில் அந்த நடுவிலே ஒரு வெட்டு, உதடு பிளந்ததுபோலத் தெரியும். அது தெரிந்ததும் கொய் அல்ல என்று துணிந்து எழுதலாம்.

அந்த வெட்டு தமிழ்நாட்டார் உல்லம் என்று சொல்லும் டெனுவலோசா இலிஷாவுக்கும் உண்டு. அது வளர்ந்தால் 60 சென்ரிமீற்றர் வரை போகும் பெரிய மீன் என்றாலும், குட்டி மீனில் அளவு உதவாது. அப்போது தலை உச்சியைப் பாருங்கள்: ஹில்சா கெலீயின் உச்சியில் எலும்புக் கோடுகள் பல, தெளிவாகத் தெரியும், டெனுவலோசாவில் அவை குறைந்து, தோலுக்குள் மறைந்திருக்கும். இன்னும் உறுதி வேண்டுமானால் பூமூடியைத் தூக்கி, உள்வரிசைப் பூ வில்லுகளில் இருக்கும் சீப்புப்பற்களைக் கவனியுங்கள். ஹில்சா கெலீயில் அவை வெளிப்புறமாகச் சுருண்டிருக்கும்.

நெமடலோசா என்று ஆறாம் படியில் முடிவான மீனில், கீழ்த்தாடை எலும்பின் விளிம்பு வெளியே மடிந்து ஒரு வரம்புபோல நிற்பதையும் கைவில்லையால் பார்த்து வையுங்கள். இதைத் துணைச் சான்றாக மட்டும் எழுதுங்கள். நெமடலோசா என்ற இந்தச் சாதியில் (பேரினத்தில்) நெருங்கிய உறவினங்கள் இருப்பதால், இழையை மட்டும் கண்டுவிட்டு "நாசஸ்" என்று எழுதிவிடாமல், சீட்டில் "நெமடலோசா" என்று நிறுத்தி, இனப்பெயரை ஆய்வுகூடத்தில் திறவுகோல் வைத்துச் சரிபார்த்த பின் சேர்ப்பது நல்லது.

8. நம்பக்கூடாத அடையாளங்கள்

பூமூடிக்குப் பின்னுள்ள கரும்புள்ளியை வைத்து இனம் பிரிக்கவே கூடாது. இரண்டு கொய்களுக்கும் அது உண்டு. ஹில்சா கெலீயின் புள்ளி வரிசையில் முதலாவதும் அதே இடத்தில்தான் இருக்கும், மற்றவை மங்கிப்போனால் அது ஒன்றே மிஞ்சும்.

உடல் உயரமும் ஏமாற்றும். "அகலமான கொய் ஒரு இனம், ஒல்லியானது வேறொரு இனம்" என்று துறையில் ஒரு பெரியவர் எனக்கு அடித்துச் சொன்னார். அவருடைய கண் பிழையல்ல, விளக்கம்தான் பிழை. அனோடோன்டோஸ்டோமா வளர வளர அதன் உடல் உயரம் நீளத்தோடு ஒப்பிடுகையில் கூடிக்கொண்டே போகும். ஆகவே ஒல்லியானது பல வேளைகளில் அதே இனத்தின் இளையதாகவே இருக்கும். உயரத்தை அளந்து எழுதுங்கள், ஆனால் அதை வைத்துப் பெயர் எழுதாதீர்கள்.

வயிற்றை வெட்டிப் பார்ப்பதும் இதற்கு உதவாது. கோழியினுடையதைப்போலத் தசை தடித்த அரைப்பை இரண்டு கொய்களுக்குமே இருக்கிறது. நிறத்தைப்பற்றிச் சொல்லவே தேவையில்லை: ஐஸில் ஒரு இரவு கிடந்த மீனின் நிறம் ஐஸின் நிறம்.

9. படமும் சீட்டும்

மீனின் தலை இடப்பக்கம் இருக்கக் கிடத்தி, பக்கத்தில் அடிமட்டத்தையும் இலக்கச் சீட்டையும் வைத்து, நேர் மேலிருந்து ஒரு படம். செட்டையை ஊசியால் விரித்துப் பிடித்தபடி கடைசிக் கதிருக்கு ஒரு படம். வாயை முன்புறமிருந்து ஒரு படம். இந்த மூன்றும் இல்லாத மீனை என் அட்டவணையில் இப்போது சேர்ப்பதில்லை. கைத்தொலைபேசிக் கமெரா போதும், ஆனால் வெயில் நேரே விழுந்தால் வெள்ளிச் செதில் கண்ணாடியாகிவிடும், மரநிழலில் எடுங்கள். மீனைத் துணியால் துடைக்கவேண்டாம், செதில் இலகுவில் உதிரும். தண்ணீரை ஊற்றிக் கழுவினால் போதும்.

நீளத்தை மூக்கு நுனியிலிருந்து வாலின் அடி வரை அளக்கவேண்டும், வால் நுனி வரை அல்ல. கொய்யின் வால் கவட்டையாகப் பிளந்து, நுனி பெரும்பாலும் முறிந்திருக்கும்.

சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை மதுசாரத்தில் கரைந்துவிடும். இலக்கம், திகதி, இடம், வலையின் வகை, துறையில் சொன்ன பெயர், நீங்கள் தீர்மானித்த பெயர், எந்த அடையாளத்தால் தீர்மானித்தீர்கள் என்ற ஏழும் அதில் இருக்கவேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். "நெமடலோசா, இழை கண்டது" என்று எழுதப்பட்ட சீட்டை யாரும் பின்னர் சரிபார்க்கலாம், வெறும் "நெமடலோசா" என்பதை நம்பத்தான் முடியும்.

10. சான்று மீன்களைக் காப்பது

ஒவ்வொரு இனத்திலும், ஒவ்வொரு துறையிலிருந்தும், நல்ல நிலையில் உள்ள சில மீன்களை அழியாமல் வைத்திருங்கள். மரபணுப் பரிசோதனைக்குச் சிறிதேனும் வாய்ப்பிருந்தால், முதலில் வலப்பக்க மார்புச் செட்டையில் ஒரு சிறு துண்டை வெட்டி, 95 வீத எதைல் மதுசாரத்தில் தனிப் போத்தலில் இடுங்கள். போமலினுக்குள் போன தசை அந்த வேலைக்கு அநேகமாகப் பயன்படாது. அதன் பின்னரே மீனைப் போமலினில் இடவேண்டும்: கடையில் வரும் செறிந்த போமலின் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு. இந்தக் கலவையை வீட்டிலோ பஸ்ஸிலோ வைத்திருக்கவேண்டாம். ஆய்வுகூடத்தில், காற்றோட்டமுள்ள இடத்தில், கையுறையோடு செய்யுங்கள். துறையிலிருந்து ஆய்வுகூடம் வரை ஐஸ் போதும், அன்றே கொண்டு சேர்க்கிற பட்சத்தில். சில நாட்களின் பின் தண்ணீரில் ஊறவைத்துப் போமலினை நீக்கி, 70 வீத மதுசாரத்துக்கு மாற்றிவிடலாம்.

போத்தலுக்குள் மீனைத் தலை கீழாக இறக்குங்கள். வால் கீழே போனால் மடிந்து, அப்படியே விறைத்துவிடும். முதுகு இழையும் கண்ணாடியில் அழுந்தி முறியும். சீட்டை வெளியே ஒட்டுவதோடு நிற்காமல், ஒரு பிரதியை உள்ளேயும் போடுங்கள். எங்கள் ஆய்வுகூட அலுமாரியில் வெளிச்சீட்டு கரப்பான் தின்ற போத்தல்கள் நான்கு இருக்கின்றன. அவற்றுக்குள் இருப்பது எந்தக் களப்பின் மீன் என்று இன்றுவரை ஒருவராலும் சொல்லமுடியவில்லை.